பாதி நாள் பள்ளி

நெட்டுக்குப்பத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருக்கிறான். கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தின் நீரோட்டத்தை நுட்பமாக விவரிப்பான். அதையே எழுதச் சொன்னால் தலைகுனிந்துகொள்வான். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது எட்டாம் வகுப்பு. 2021இல் திறந்தபோதும் சுழற்சி முறையில் சில நாட்களே பாடம். மற்ற நாட்களில் தந்தையோடு படகில் இருந்தான்.

1953இல் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதைப் பெற்றோரின் தொழிலுக்கு ஒதுக்கினார். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றனர். 1954இல் காமராஜர் ஆட்சி கைவிட்டது. தொற்றுக்காலத்தில் அந்த நோக்கம் எவருக்கும் இல்லை. ஆயினும் பள்ளி விட்ட பொழுதை நிரப்பியது அதே தொழில்தான்.

“வலை பின்ன அப்பா கத்துக்குடுத்தார் ஐயா, எழுதக் கத்துக்குடுக்க யாரும் இல்ல” என்றான்.

இப்போது மாலைதோறும் ஒரு மணி நேரம் இருவரும் எழுதுகிறோம்.