வாழைக்காய்க் கறை

பாண்டிச்சேரி, காந்தி வீதி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. கோணிச் சாக்கின் மேல் ஸ்பேனர், சாவி இல்லாத பூட்டு, நடுவில் ஒரு கத்தி. பாதி துரு.

"ஆரோவில் சரக்கு சார். ஊருக்குப் போறவங்க போட்டுட்டுப் போறது." 150 ரூபாய்.

முதுகு கனம். என் கட்டைவிரல் நகத்தில் பாதி இருக்கும். தெபா. மீன் தலையை உடைக்கிற ஜப்பானியக் கத்தி.

எழுத்து இருந்த இடத்தைத் துரு தின்றிருக்கிறது. உளித்தடம் மட்டும் விரலுக்குத் தெரிகிறது.

முன்பு வாங்கிய ஒன்றில் நாலு எழுத்து பளிச்சென்று இருந்தது. அடித்தவர் பெயர் என்றே வெகுநாள் நம்பினேன். தோரொகு ஷோஹ்யோ. பதிவு பெற்ற வணிகச் சின்னம். அவ்வளவுதான்.

சகாய், செகி என்றிருந்தால் ஊர். ஷிரோகமி, ஆவோகமி என்றிருந்தால் எஃகு. வெள்ளைத் தாள், நீலத் தாள்.

எஃகுக்கு அந்த நிறம் கிடையாது. யசுகி ஆலையில் எஃகின் மேல் சுற்றிய தாளின் நிறம். வெள்ளையில் இரும்பும், நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் கரியும். மற்றதெல்லாம் மிகக் கொஞ்சம். நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் சேரும்.

எழுத்து போய்விட்டால் வெள்ளையா நீலமா என்று கண்ணால் சொல்ல வழியில்லை. சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

கறை பிடிக்கிற கரி எஃகா, துருப்பிடிக்காததா என்று பார்க்கவும் காந்தம் உதவாது. எவர்சில்வர் கரண்டியில் பெரும்பாலும் ஒட்டாது. துருப்பிடிக்காத கத்தியில் ஒட்டும்.

வாழைக்காய் உதவும்.

துருவைத் தேய்த்தெடுத்து, வாழைக்காய் நறுக்கி, துடைக்காமல் வைத்தேன். ஐந்து நிமிஷம். வாயோரம் நீலம் ஏறியது. மேலே மந்தமான சாம்பல். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு, அலை ஒதுங்கிய மணல் மாதிரி நெளிந்து, முனை வரை.

பக்கத்தில் துருப்பிடிக்காத விஜி-10 எஃகுக் கத்தி. அதே காய். ஒரு கறை இல்லை.

வாழைப்பூ கறுக்காமலிருக்க மோரில் போட வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அம்மாவின் அரிவாள்மனையும் கறுப்புதான்.

குயிலாப்பாளையம் பக்கம் ஒரு பட்டறை. பெரியவர் கோட்டை நகத்தால் வருடினார். "எஃகு வச்சு அடிச்சிருக்கான். மேல பச்சை இரும்பு. நாங்களும் இப்படித்தான் அடிச்சோம் தம்பி. இப்ப லாரிப் பட்டை. முழுசும் எஃகு, வைக்கிற வேலையே இல்ல."

எந்த எஃகு என்று சாணைச் சக்கரத்தில் பொறி பார்க்கலாமா என்று கேட்டேன். கத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சூடேறி வாய் நீலம் பாரிச்சா துவைச்சல் போச்சு, வாய் மெதுவாயிடும்."

வாழைக்காய் நீலம் வேறு. சூட்டு நீலம் வேறு. இதை எழுதி வைக்க வேண்டும்.

மரக்காணம். உப்பு வாருவது மரப்பலகையால்.

அந்த உப்புக் காற்றில் கத்தியை இரண்டு நாள் எண்ணெய் தடவாமல் விட்டேன். முதுகில் செம்புள்ளிகள். மெது இரும்பில்தான் முதலில் வந்தது.

மேல்சிறுவலூர், பழைய தென்னார்க்காடு. 1990களில் தொல்லுலோக ஆய்வாளர் சாரதா ஸ்ரீநிவாசன் அங்கே உருக்கு காய்ச்சிய மண்மூசைத் துண்டுகளைக் கண்டறிந்தார். மரக்காணமும் ஆரோவிலின் பெரும்பகுதியும் அந்தப் பழைய தென்னார்க்காடுதான்.

அந்த வகை உருக்கு தென்னிந்தியாவிலிருந்து மேற்காசியா வரை போயிருக்கிறது. அதில் அடித்த வாள் டமாஸ்கஸ் வாள் என்று பெயர் பெற்றது. இன்று ஜப்பானியக் கத்திகளில் டமாஸ்கஸ் என்று போடுவது அடுக்கடுக்காகச் சேர்த்த தகடு. அதன் வரி அடுக்கிலிருந்து வருவது, பழைய வாளின் வரி உருக்குக்குள்ளேயே உறைந்தது.

மலிவானதில் அமிலத்தால் அச்சடித்த வரியும் உண்டு. கல்லில் நாலு இழுப்பு, வரி காணாமல் போகும்.

ஸ்டீல் ஸ்கேலைத் தெபாவின் தட்டைப் பக்கம் வைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். நடுவில் வெளிச்சம் கசிந்தது. தட்டைப் பக்கத்தில் வேண்டுமென்றே விடுகிற குழி இன்னும் இருக்கிறது. கவனமாகத் தீட்டியிருக்கிறார்கள்.

சாய்வு இடப்பக்கம்.

வழக்கமாக வலப்பக்கம்தான் இருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கமேதான். இப்படி ஒன்றைப் பெரும்பாலும் சொல்லித்தான் செய்ய வேண்டும், விலையும் கூட.

பிடியைக் கழற்றினேன். ஜப்பானிய ஹோ மரம், எருமைக் கொம்புப் பூண் என்று எதிர்பார்த்தேன். பூவரசு. பூண், அறுத்த செம்புக் குழாய்.

இங்கே யாரோ போட்ட பிடி.

அதன் தேய்வும் இடக்கைத் தேய்வு. என் விரல் உட்காரவில்லை.