பெயர் சொல்லாமல் விட்ட ஒருவர்

சனிக்கிழமை பிற்பகல்களில் எங்கள் வகுப்பு மாணவியர் நால்வர் நால்வராகப் பிரிந்து, மடத்தின் பின்புறம் உள்ள முதிய கன்னியர் இல்லத்துக்குச் செல்வது வழக்கம். செய்தித்தாள் படித்துக் காட்டுவோம், ஊசியில் நூல் கோத்துக் கொடுப்போம், ஜெபமாலையில் சேர்ந்துகொள்வோம். எங்கள் நால்வருக்கும் வாய்த்தவர் அயர்லாந்து நாட்டில் பிறந்த ஒரு சிஸ்டர். அவருக்கு வயது 86. 1962-ஆம் ஆண்டு கப்பலில் இந்தியாவுக்கு வந்தவர். எங்களைவிட நல்ல தமிழ் பேசுவார். கண் பார்வை மங்கிவிட்டது. நினைவு மட்டும் மங்கவில்லை.

கடந்த ஜூன் மாதம் ஒரு நாள் அவர் எங்களிடம், "பிள்ளைகளா, எனக்கு ஒரு வேலை செய்து தருவீர்களா? நான் சாவதற்கு முன் ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க வேண்டும்" என்றார். "அவர் எங்கே இருக்கிறார், சிஸ்டர்?" என்று கேட்டோம். "அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

சிஸ்டரின் சொந்த ஊர் அயர்லாந்தில் காவன் என்னும் மாவட்டத்தில் இருக்கிறது. சிறு வயதில் அவர் வீட்டில் ஒவ்வோர் இரவும் ஜெபமாலை முடிந்ததும், பாட்டியம்மா குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்றாடுவாராம். ஒரே ஒருவர் பெயரை மட்டும் சொல்ல மாட்டாராம். அவர் பாட்டியம்மாவுடைய தாத்தாவின் அண்ணன். 1820-களில் கப்பலேறிக் கனடாவுக்குப் போய், அங்கே கால்வாயில் பெரிய லாக் காப்பாளராகி வசதியாக வாழ்ந்தாராம். பெற்ற தாய்க்கு ஒரு கடிதங்கூடப் போடவில்லையாம். அந்தத் தாய் வாசலையே பார்த்திருந்து கண்மூடினாராம். "தாயை மறந்தவனுக்கு நம் வீட்டில் ஜெபம் இல்லை" என்பது பாட்டியம்மாவின் தீர்ப்பு.

"நானும் தாயை விட்டுக் கடல் கடந்து வந்தவள்தானே? 1974-இல் என் அம்மா இறந்த தந்தி என் கைக்கு வந்தபோது, அங்கே அடக்கமே முடிந்திருந்தது. அன்றிலிருந்து அந்த மனிதர் என் நினைவில் வந்துகொண்டே இருக்கிறார். அவர் மறந்துதான் போனாரா? அதை மட்டும் தெரிந்துகொள்ள ஆசை" என்றார் சிஸ்டர். எங்களுக்குத் தொண்டை அடைத்தது. தேடிப் பார்க்கிறோம் என்று வாக்களித்துவிட்டு வந்தோம்.

வாக்களித்த பிறகுதான், லாக் என்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. வரலாற்று ஆசிரியை கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். மேட்டில் உள்ள தண்ணீருக்கும் பள்ளத்தில் உள்ள தண்ணீருக்கும் நடுவே ஒரு கல்தொட்டி கட்டி, இரு முனைகளிலும் பெரிய கதவுகள் வைக்கிறார்கள். படகு தொட்டிக்குள் வந்ததும் கதவை அடைத்து, மதகைத் திறந்து தண்ணீரை நிரப்பினால் படகு தானே உயர்கிறது. பிறகு மேல் கதவைத் திறந்தால் படகு மேட்டுத் தண்ணீரில் போய்ச் சேர்கிறது. இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய்தால் போதும். இந்தக் கதவுகளையும் மதகுகளையும் இயக்கி, நீர் மட்டத்தைக் காத்து, கடந்து செல்லும் படகுகளைக் கணக்கில் எழுதிச் சுங்கம் வாங்குகிறவரே லாக் காப்பாளர். அவருக்குக் கீழே சக்கரம் சுற்றும் வேலையாட்களும் உண்டு.

சிஸ்டர் சொன்ன கால்வாய் ரிடோ கால்வாய் என்று கண்டுகொண்டோம். கனடாவின் ஒட்டாவா நகரிலிருந்து ஒன்டாரியோ ஏரிக் கரையில் உள்ள கிங்ஸ்டன் வரை 202 கிலோமீட்டர் நீளம் செல்லும் நீர்வழி அது. 1812-இல் அமெரிக்காவுடன் நடந்த போருக்குப் பிறகு, படைகளையும் பண்டங்களையும் எல்லையிலிருந்து விலகிப் பத்திரமாகக் கொண்டுசெல்ல ஒரு வழி வேண்டும் என்று ஆங்கில அரசு கருதியது. ராணுவப் பொறியாளர் ஜான் பை என்பவர் தலைமையில் 1826-இல் தொடங்கிய வேலை 1832-இல் முடிந்தது. ஒட்டாவாவில் மட்டும் எட்டு லாக்குகள் படிக்கட்டு போல அடுக்கடுக்காக அமைந்து, படகை 24 மீட்டர் உயரம் தூக்கிவிடுகின்றன. பெரும்பாலான லாக்குகளின் கதவுகளை இன்றும் கையால்தான் சுற்றித் திறக்கிறார்கள் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. 2007-இல் இந்தக் கால்வாய் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

காட்டையும் சதுப்பு நிலத்தையும் வெட்டி இதை உண்டாக்கியவர்களில் மிகப் பலர் ஏழை அயர்லாந்துக்காரர்கள். கனடாவிலிருந்து மரம் ஏற்றிவந்த கப்பல்கள் வெறுமையாகத் திரும்ப வேண்டாமே என்று குறைந்த கட்டணத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டன. அப்படிப் போனவர்கள் மண்வெட்டியும் கூடையும் தாங்கி உழைத்தார்கள். கோடைதோறும் மலேரியா காய்ச்சல் வந்தது. குளிர் நாடான கனடாவில் மலேரியாவா என்று நம்ப முடியவில்லை. ஆனால் அது உண்மை. தலைவர் ஜான் பையையும் 1828-இல் அக்காய்ச்சல் விடவில்லை. வேலை முடிவதற்குள் நோயாலும் வெடி விபத்துகளாலும் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். அவர்கள் நினைவாக ஒட்டாவா லாக்குகளின் அருகே 2004-இல் கெல்ட்டியச் சிலுவை ஒன்று நாட்டப்பட்டிருக்கிறது.

அடுத்து எங்கள் தேடல் தொடங்கியது. அயர்லாந்தில் தேடுவதே முதல் வழி என்று எண்ணினோம். 1922-இல் டப்ளின் நகரில் உள்நாட்டுப் போரின்போது ஆவணக் காப்பகம் தீக்கிரையாகி, பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டதாம். பங்குக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளை அந்நாட்டுத் தேசிய நூலகம் 2015 முதல் கணினியில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஆசையோடு திறந்து பார்த்தோம். சிஸ்டரின் பங்கில் பதிவேடு தொடங்கும் காலத்தில் நாங்கள் தேடும் மனிதர் வளர்ந்த ஆளாகியிருப்பார். ஆகவே அந்தக் கதவு அடைபட்டது.

எனவே கனடாவின் 1851-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் தேடினோம். அதில் ஒவ்வொருவருடைய பெயர், தொழில், பிறந்த நாடு, மதம், வயது எல்லாம் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. மூன்று வாரம் கண் வலிக்கத் தேடியபின் அதே பெயரில் ஒரு லாக் காப்பாளர் கிடைத்தார்! மதிய உணவைக்கூட முடிக்காமல் ஓடிப்போய்ச் சிஸ்டரிடம், "கண்டுபிடித்துவிட்டோம்! பெரிய காப்பாளர்தான்!" என்று கூவினோம். சிஸ்டர் எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார்.

மறுநாள் ஆசிரியை அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்துவிட்டு, "பிறந்த நாட்டையும் மதத்தையும் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், கத்தோலிக்கரும் அல்லர். பெயரைப் பார்த்த மகிழ்ச்சியில் மற்ற கட்டங்களை நாங்கள் பார்க்கவே இல்லை. சிஸ்டரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுகூட எங்களில் ஒருத்தி கேட்டாள். அவர் மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறார் என்றாள். அன்று முழுவதும் எங்களுக்குள் வாக்குவாதம். முடிவில் நால்வரும் சேர்ந்து போய் உண்மையைச் சொல்லித் தலைகுனிந்து நின்றோம். சிஸ்டர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வேறொருவருக்காக ஒரு நாள் ஜெபித்துவிட்டேன், அது வீண் போகாது. நீங்கள் மறுபடியும் தேடுங்கள்" என்றார். அந்தச் சொல்லால் எங்களுக்கு உயிர் வந்தது.

இம்முறை ஒழுங்காகத் தேடினோம். எழுத்தர்கள் காதில் விழுந்தபடியே பெயர்களை எழுதியிருப்பதால், ஒரே குடும்பப் பெயரை ஐந்து விதமாக எழுதிப் பார்த்தோம். நான்காவது விதத்தில் அவர் கிடைத்தார். அயர்லாந்தில் பிறந்தவர், கத்தோலிக்கர், மனைவி, ஐந்து பிள்ளைகள். தொழில் மட்டும் காப்பாளர் அன்று. லாக்கில் கூலி வேலை. முதற்காலக் காப்பாளர்களில் பலர் கால்வாய்ப் பணியில் இருந்த ராணுவ வீரர்களே என்று பின்னர் படித்தோம். இவரோ கோடையில் சக்கரம் சுற்றிக் கதவு திறந்தவர்.

பிள்ளைகளின் பெயர்களை உரக்கப் படித்தபோது, இரண்டாவது மகளின் பெயரில் நாங்கள் நின்றுவிட்டோம். அது அவர் விட்டுவந்த தாயின் பெயர். நம் வீடுகளில் பேத்திக்குப் பாட்டி பெயரை வைப்பது போல அயர்லாந்திலும் வழக்கம் உண்டு. இரண்டாவது மகளுக்குத் தந்தையின் தாய் பெயரை வைப்பார்களாம். மறந்த தாயின் பெயரை யாராவது மகளுக்கு வைப்பார்களா?

1871-ஆம் ஆண்டுக் கணக்கில் அவர் கிழவராக மகன் வீட்டில் இருக்கிறார். மகன்தான் லாக் காப்பாளர்! பாட்டியம்மாவின் கதையில் தந்தையும் மகனும் ஒருவராகிவிட்டார்கள் போலும். அந்தக் கணக்கில் எழுதத் தெரியாதவர்களைக் குறிக்க ஒரு கட்டம் உண்டு. கிழவரின் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடப்பட்டிருந்தது. கடிதம் வராத காரணம் அந்தச் சிறு கோட்டில் இருந்தது.

ஆனால் எங்களுக்கு இன்னும் மனம் நிறையவில்லை. அப்போதுதான் ஆசிரியை மக்கேப் பட்டியல் என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னார். 1829-இல் ரிடோ கால்வாயில் வேலை செய்த அறுநூறுக்கும் மேற்பட்ட அயர்லாந்துக்காரர்கள், ஊரில் விட்டுவந்த உறவினரைக் கனடாவுக்கு அழைத்துவர உதவும்படி அரசுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தம் ஊரையும், தம்மை அறிந்த பெரியவர்களையும், அழைக்க விரும்பும் உறவினரையும் சொல்ல, அவை பட்டியலாக எழுதப்பட்டன. எங்களில் ஒருத்தியின் சித்தப்பா ஒட்டாவாவில் வேலை பார்க்கிறார். அவர் ஒரு சனிக்கிழமை நூலகத்துக்குப் போய், அச்சான அந்தப் பட்டியலைத் தேடிப் படம் எடுத்து அனுப்பினார்.

அதில் அவர் பெயர் இருந்தது. மாவட்டம் காவன். பங்கும் ஊரும் சிஸ்டர் சொன்னவையே. அழைக்க விரும்புவோர்: தாய் ஒருவர், தங்கை ஒருத்தி.

இம்முறை நாங்கள் ஓடவில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு முறை சரிபார்த்து, ஆசிரியையிடம் காட்டி, அடுத்த சனிக்கிழமை வரை காத்திருந்தோம். சிஸ்டருக்கு அந்த வரியை மெதுவாகப் படித்துக் காட்டினோம். "இன்னொரு முறை படி, கண்ணு" என்றார். படித்தோம். மூன்றாம் முறையும் படித்தோம். பிறகு அவர், "கேட்டிருக்கிறார்... அவர் கேட்டிருக்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

தாயும் தங்கையும் வரவில்லை என்பது குடும்பத்தாருக்குத் தெரிந்ததே. "அப்படியானால் அவர் வாழ்நாளெல்லாம் அழுதிருப்பார் என்று கட்டுரையில் எழுதலாமா, சிஸ்டர்?" என்று கேட்டோம். "வேண்டாம். காகிதத்தில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். என் பாட்டி காகிதத்தில் இல்லாததைச் சொல்லித்தான் இத்தனை வருடம் ஒரு நல்ல மனிதரின் பெயர் விடுபட்டுப் போயிற்று" என்றார் சிஸ்டர்.

அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. 1847-இல் பஞ்சத்துக்குத் தப்பி ஒட்டாவாவுக்கு வந்தவர்களோடு டைபஸ் காய்ச்சலும் வந்தது. அன்னை எலிசபெத் புருயேரும் அவருடைய கன்னியரும் அஞ்சாமல் அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1842-இல், அயர்லாந்தின் பிரசன்டேஷன் கன்னியர் சென்னைக்கு வந்து பெண் குழந்தைகளுக்குக் கல்வி கொடுக்கத் தொடங்கியிருந்தனர். மண்வெட்டியோடு போனவரும் ஜெபமாலையோடு வந்தவரும் ஒரே வாசலைக் கடந்து, ஒரே விதமான தாய்மாரை விட்டு வந்தவர்கள்தாம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறோம்.

தோழியரே! இந்தத் தேடல் முடிந்த பின் நாங்கள் நால்வரும் எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்கத் தொடங்கியிருக்கிறோம். ஒருத்தியின் கொள்ளுத்தாத்தா பர்மாவுக்குப் போனவராம். இன்னொருத்தியின் வீட்டிலும் ஒரு பெயர் சொல்லப்படுவதில்லையாம். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். கேட்டதை உடனே நம்பிவிடாமல், எல்லாக் கட்டங்களையும் பாருங்கள்.

நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று மாலை, முதியோர் இல்லத்துச் சிற்றாலயத்தில் நாங்களும் ஜெபமாலையில் கலந்துகொண்டோம். முடிவில் சிஸ்டர் தம் குடும்பத்தில் இறந்தோர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். தாயின் பெயரைச் சொன்னார். பாட்டியின் பெயரைச் சொன்னார். பிறகு சற்று நிறுத்தி, அந்த லாக் வேலையாளின் பெயரையும் சொன்னார். நாங்கள் நால்வரும் எல்லாரையும்விட உரக்க "ஆமென்" என்றோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி