பாட்டி காசும் புளியும்

வெள்ளி கறுத்திருந்தால் உடனே புளியைத் தேடுகிற ஆட்கள் நாம். குத்துவிளக்குக்குச் சரி, தேயுங்கள். பழைய காசில் மட்டும் கை வைக்காதீர்கள், ப்ளீஸ்!

1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தை எடுத்த ஊர் எங்கள் முட்டம். இங்கே உப்புக் காற்றும் ஓய்வதில்லை என்பது இரும்பு ஜன்னல் வைத்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் காற்றிலே வருஷக்கணக்காக மரப்பெட்டியில் கிடந்த பாட்டியின் காசுகள் சமீபத்தில் பங்கு பிரிக்க வெளியே வந்தன. எட்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். கூடவே நாலு திருவிதாங்கூர் அரை ரூபாய். (அந்த ஊர் ரூபாய்க்கு 28 சக்கரம். அரை ரூபாய்க்கு 14. கணக்கு வாத்தியார்கள் பாவம்!)

ஒரு காசில் துணியின் நெசவு அச்சடித்த மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒன்றின் விளிம்பில் நீலம், உள்ளே செம்மை, நடுவில் பொன் மஞ்சள். இன்னொன்றில் ராஜாவின் மூக்குக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை.

''எலே மக்கா, புளி போட்டு நல்லா தேய்ச்சா வெளுத்துரும்லா? வெலையும் கூடும்'' என்று எழுந்தார் பெரியம்மா. பி.காமில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. சொத்தின் மதிப்பை வருஷா வருஷம் குறைத்து எழுதணும். பெரியம்மா ஒரே மத்தியானத்தில் மொத்தத் தேய்மானத்தையும் முடித்துவிடப் பார்த்தார்!

விஷயம் இதுதான். வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் மேலே மெல்லிய படலம் உண்டாகும். தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், நிறம் காட்டும். துறைமுகத் தண்ணீரில் டீசல் சிந்தினால் வானவில் தெரியுமே, அதே சமாசாரம். படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மாறி, கடைசியில் கறுப்பு.

கந்தகம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாம் பத்திரப்படுத்துகிற பொருளிலிருந்தேதான். அந்தக் காலத்து அட்டையில் உண்டு. அட்டை விளிம்பைத் தொட்டதால் நிறம் அங்கே தொடங்கி உள்ளே பரவியது. ரப்பருக்கு உறுதி வரவும் கந்தகம் சேர்ப்பார்கள். யாரோ மாட்டிய ரப்பர் பேண்டுதான் ராஜாவின் மூக்கில் கோடு!

அமெரிக்காவில் மார்கன் வெள்ளி டாலர்களைத் துணிப்பைகளில் கட்டிக் கருவூலத்தில் போட்டிருந்தார்கள். நெசவு பதிந்த அந்தக் காசுகளுக்கு இன்று சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். இதற்காகக் கந்தகம் பூசிப் போலி நிறம் ஏற்றுகிற கில்லாடிகளும் உண்டு.

அந்தப் படலம் வெறும் அழுக்கில்லை. காசின் சொந்த வெள்ளியும் அதில் இருக்கிறது. தேய்த்தால் வெள்ளியும் போகும், கீறலும் விழும்.

பெரியம்மாவிடம் கந்தகம் எடுபடவில்லை. நெசவு பதிந்த காசைக் கையில் கொடுத்து, ''இது பாட்டி முடிஞ்சு வெச்ச துணி'' என்றேன். விரலால் தடவிப் பார்த்தார். துணி போய்விட்டது, பாட்டியும் போய்விட்டாள், இழை மட்டும் இருக்கிறது. புளி அடுக்களைக்குத் திரும்பியது. அந்தக் காசைத் தன் பங்கில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் இருந்தால், விளிம்பைப் பிடித்து எடுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம். மெத்தென்ற பி.வி.சி. உறையும் வேண்டாம், நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். ஈரம் படாமல் வையுங்கள்.

புளியை? மீன் குழம்புக்கு வையுங்கள்!