நாற்பத்தெட்டுப் பைகள்

நியூரம்பெர்க்,
டிசம்பர் 18, இரவு

அன்புள்ள கணக்கு டீச்சருக்கு,

வந்து மூன்று வாரமாகிறது, ஒரு வரி எழுதவில்லை என்று கோபத்தில் இருப்பீர்கள். எழுத உட்கார்ந்த போதெல்லாம் யாராவது என் கையில் பசையையோ மாவையோ கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது மணி பத்தரை. பிள்ளைகள் தூங்கியாயிற்று. மகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாளைக்கு வேண்டிய எதையோ ஒட்டிக்கொண்டிருக்கிறாள். என் தங்கை மகள்தான். உங்களிடம் பத்தாம் வகுப்பு படித்தபோது, தேற்றத்தை மனப்பாடம் செய்ய மாட்டேன், நானே நிரூபிக்கிறேன் என்று அடம்பிடித்தாளே, அவள்.

நான் வந்திறங்கிய மூன்றாம் நாள், நவம்பர் 30 ராத்திரி, சாப்பாட்டு மேசை நிறையக் குட்டிக் குட்டித் துணிப்பைகள். மூத்தவளுக்கு 24, சின்னவனுக்கு 24. ஒவ்வொன்றிலும் ஓர் எண் தைத்திருந்தது. டிசம்பர் 1 தொடங்கி தினம் காலையில் ஆளுக்கொரு பை அவிழ்ப்பார்கள். 24ஆவது பை அவிழ்ந்தால் கிறிஸ்துமஸ். அட்வென்ட் காலண்டர் என்கிறார்கள். சாக்லேட் வைத்த அட்டையாகக் கடையிலேயே கிடைக்கிறது. இவளுக்கு அது போதாது. ரப்பர், கோலிக்குண்டு, கிளிப், கொட்டைப் பருப்பு என்று நிரப்பினோம். முப்பதாவது பையோடு சரக்கு தீர்ந்தது. மீதிக்கு அவள் சீட்டு எழுதினாள்: ‘இன்று ராட்டினம்’, ‘இன்று சேர்ந்து குக்கீ சுடலாம்’, ‘இன்று ஒரு கதை கூடுதல்’. மணி பன்னிரண்டரை. ஒவ்வொரு சீட்டும் தேதி போட்ட பிராமிசரி நோட்டு என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

இந்தக் காலண்டரை அச்சில் பரப்பியவர்களில் கெர்ஹார்ட் லாங் என்பவர் முக்கியமானவர். 1900களின் தொடக்கத்தில் மியூனிக்கில் அச்சகம் வைத்திருந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அம்மா ஓர் அட்டையில் 24 தின்பண்டங்களைத் தைத்து, நாளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்வாராம். மேசையில் மெழுகுவர்த்தி வளையம் வைக்கிறார்களே, அதற்கும் இப்படியொரு கதை. 1839இல் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளின் விடுதி ஒன்றை நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற பாதிரியார், பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு, தினம் ஒன்றாக ஏற்றினார். ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாளுக்குச் சின்னச் சிவப்பு. இப்போது ஞாயிற்றுக்கு ஒன்றாக நாலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் மூன்று எரிந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பிள்ளைகளும் இவர்களைப்போல் “இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்டுத்தான் பிராணனை வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு பாதிரியார் சக்கரம் தேடினார், ஓர் அம்மா ஊசியில் நூல் கோத்தாள்.

இங்கே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலை நீங்கள் பார்க்க வேண்டும். சின்னவனின் கிண்டர்கார்டனுக்குப் பெயர் எழுதிய ஒற்றைக் காலுறை, புனித நிக்கோலாஸ் நிரப்பித் தர. பள்ளி விற்பனைக்கு ஒரு கேக், பொருள் விவரத்தோடு. ஐந்து யூரோவைத் தாண்டாத பரிசு ஒன்று. மூத்தவளுக்கு ஆட்டுக்குட்டி வேஷம், கோவில் நாடகத்துக்கு. டிசம்பர் 5 இரவு பூட்ஸைத் துடைத்து வாசலில் வைக்க வேண்டும். நிக்கோலாஸ் அதிலும் ஏதாவது போட வேண்டும். காலுறையை டிராமில் விட்டுவிட்டு, மறுநாள் காலை ஏழரை மணிக்கு என்னுடைய கம்பளிக் காலுறையில் பெயர் எழுதிக் கொடுத்தனுப்பினோம். அளவு பெரியது, பண்டமும் அதிகம். சின்னவனுக்கு ஒரே பெருமை.

டிசம்பர் 11 கதையைச் சொல்கிறேன். மகள் வேலைவிட்டு வரும்போது மணி ஆறு. நாலேகாலுக்கே பொழுது சாயும் ஊரில் ஆறு மணி என்றால் நடுச்சாமம் மாதிரி. மழை என்றும் சொல்ல முடியாமல் பனி என்றும் சொல்ல முடியாமல் ஒன்று பெய்துகொண்டிருந்தது. சின்னவனுக்கு மூன்று நாளாக இருமல். மருமகன் வரும் ரயில் தாமதம். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல், செருப்பு மாட்டும் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூத்தவள் எதிரே வந்து நின்றாள், கையில் காலையில் எடுத்த சீட்டு. குக்கீ.

“நாளைக்குச் செய்வோமா கண்ணு?”

“இன்று என்றுதானே எழுதியிருக்கு?”

உங்கள் நிரூபணப் புத்தி எங்கே இறங்கியிருக்கிறது பார்த்தீர்களா, டீச்சர்.

நான் பிசைகிறேன் என்று எழுந்தேன். சப்பாத்தி மாவு பிசைந்த கை, எதையும் பிசையும் என்ற தைரியம். வெண்ணெய் போட்ட மாவு குளிர்ந்தே இருக்க வேண்டுமாம், கை சூடு படக்கூடாதாம். அந்தச் சங்கதி எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் கால் மணி நேரம் அழுத்திப் பிசைந்ததில் வெண்ணெய் உருகிவிட்டது. ஓவனுக்குள் போன நட்சத்திரமெல்லாம் அடைபோலப் பரவி வெளியே வந்தன. பிள்ளைகள் அதற்கு ‘ஆச்சி நட்சத்திரம்’ என்று பெயர் வைத்து, எட்டரை மணிக்கு அத்தனையையும் தின்று தீர்த்தார்கள். மகள் கோட்டோடுதான் சிரித்தாள்.

அன்று படுத்துக்கொண்டு நம்முடைய டிசம்பர்களை நினைத்தேன். அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள் கட்டு, வெள்ளையடிப்பு, ராத்திரி ரெண்டு மணிக்கு வாசலில் பாட்டுப் பாட வரும் நாற்பது பேருக்குக் காப்பி. நாமும் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. ஆனால் மாவு சலிக்க ஓர் அத்தை, பாகு பார்க்க ஒரு சித்தி, அடுப்புக்குப் பக்கத்து வீட்டக்கா என்று முற்றம் நிறைய ஆள் இருந்தது. பாதி மாவு பிள்ளைகள் வாயிலேயே போகும். இவள் செய்வதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, ஒற்றை ஆளாக, பிள்ளைகள் தூங்கிய பிறகு. பையில் போட்டது யார் என்று கேட்டால் கிறிஸ்ட்கின்ட் என்று சொல்ல வேண்டும். மருமகன் நல்ல பிள்ளை. பாத்திரம் கழுவுவார், மரம் சுமந்து வருவார், சொன்னதைத் தட்டமாட்டார். சொல்ல வேண்டியது மட்டும் இவள். பட்டியல் இவள் தலைக்குள் இருக்கிறது.

கிறிஸ்ட்கின்ட் என்றேனே. குழந்தை இயேசு என்று பொருள், ஆனால் இங்கே பொன்முடியும் கிரீடமும் வைத்த ஒரு பெண்பிள்ளை. பரிசு கொண்டுவருவது அதுதான். அந்த வேடத்துக்கு 16 முதல் 19 வயதுக்குள் ஒரு பெண்ணை ஈராண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். குறைந்தது 160 செ.மீ. உயரம் வேண்டும், உயரத்தைக் கண்டு தலை சுற்றவும் கூடாது. ஃப்ராவென்கிர்ஷே கோவிலின் மேல்மாடத்தில் நின்று கிறிஸ்ட்கின்ட்தான் இந்த ஊர்க் கிறிஸ்துமஸ் சந்தையைத் திறந்துவைக்கிறது. திறப்பு நாளில் நான் விமானக் களைப்பில் தூங்கிவிட்டேன். பிறகொரு செவ்வாய்க்கிழமை, ‘ராட்டினம்’ சீட்டின் கடனை அடைக்கப் போனோம். அன்று மூத்தவள் கண்ணாடி முன்னால் நின்று, கறுப்பு முடி இருந்தால் கிறிஸ்ட்கின்ட் ஆக முடியுமா என்று கேட்டாளாம். மகள் ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். 2019இல் தேர்வான பெனிக்னா முன்சியின் அப்பா இந்தியர். ஒரு கட்சியின் கிளை ஒன்று அந்தப் பெண்ணைப் பற்றி இணையத்தில் இழிவாக எழுதி, எதிர்ப்புக் கிளம்பியதும் எடுத்துவிட்டது. அந்தச் சேதியை மகள் குழந்தையிடம் சொல்லவில்லை. பொன்முடி யார் போட்டாலும் விக்தான் என்பதை மட்டும் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

சந்தையில் எனக்குப் பிடித்தது லெப்கூகன். நம் அதிரசத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள காட்டில் தேன், வெனிஸ் வழியாக வந்த கிராம்பும் ஏலமும். அதனால்தான் இந்த ஊருக்கு இந்தப் பண்டம். எலிசன் என்று பேர் போட வேண்டுமானால் பாதாம் வகையறாப் பருப்பு காற்பங்காவது வேண்டும், தானிய மாவு பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. விலையைச் சொன்னால் நீங்கள் தின்னமாட்டீர்கள்.

உங்களுக்கென்று ஒன்று வாங்கியிருக்கிறேன், ஹெர்ன்ஹூட் நட்சத்திரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொராவிய சபையாரின் விடுதிப் பள்ளியில், வடிவியல் பாடத்துக்காகச் செய்தது என்கிறார்கள். நாற்கோண அடி உள்ள முனை 17, முக்கோண அடி உள்ளது 8. மொத்தம் 25, தொங்கவிட ஒரு முகம் காலி. அந்த விடுதியில் பல பிள்ளைகளின் பெற்றோர் கடல் தாண்டி ஊழியத்துக்குப் போனவர்கள். அதே சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்திருக்கிறார்கள். தாளை மடித்து நீங்களே கோக்க வேண்டும். ஒட்டிய நட்சத்திரம் பெட்டிக்குள் அடங்காது.

24ஆம் தேதி மத்தியானத்தோடு கடைகள் அடைத்துவிடும். நாலு மணிக்குக் கோவிலில் ஆட்டுக்குட்டி. பிறகு வீட்டில் மணி அடித்து, சாத்திய அறையைத் திறந்து, மரத்தையும் பரிசையும் காட்டுவார்கள். இத்தனை பாடுபட்ட பிறகு ராத்திரிச் சாப்பாடு வெறும் உருளைக்கிழங்கு சாலடும் சுடவைத்த சாசேஜும். பல வீட்டில் அப்படித்தானாம். யாரோ களைத்துப்போன அம்மா ஏற்படுத்திய வழக்கமாகத்தான் இருக்க வேண்டும், நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நீங்கள் 25 விடிகாலை நாலு மணி ஆராதனைக்குப் போய் உட்காரும்போது இங்கே 24 இரவு பதினொன்றரை.

ஓர் உதவி வேண்டும். பெட்டியில் அச்சு முறுக்கு அச்சைப் போட்டுக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை சம்பந்தியம்மா வருகிறார்கள், கற்றுக்கொள்ள. பிள்ளைகளும் கூட இருக்கட்டும், கதவைத் திறந்து வைத்தே செய்வோம் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா டிஜிட்டல் தராசு இல்லாமல் உப்புக்கூடப் போடமாட்டார்கள். எனக்குக் கணக்கெல்லாம் உழக்கில். ஒரு உழக்குப் பச்சரிசி மாவு எத்தனை கிராம் என்று உங்கள் வீட்டில் நிறுத்துப் பார்த்து எழுதுங்கள். தலை தட்டியா, குவித்தா என்பதையும் மறக்காமல் போடுங்கள். இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பதில் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
தமிழ் டீச்சர்