பெயரற்ற நடுகல்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டி, அதில் அவன் பெயரையும் செயலையும் பொறிப்பது பண்டைத் தமிழர் மரபு. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள சரற்றோகாப் போர்க்களத்தில் 1887இல் நிறுவப்பட்ட கல்லொன்று இம்மரபுக்கு விசித்திரமான புறனடையாகும். வீரனின் உருவுக்குப் பதிலாக அதில் ஒரு சப்பாத்துச் செதுக்கப்பட்டுள்ளது. விடுதலைப்படையின் தலைசிறந்த போர்வீரன் இவ்விடத்திற் படுகாயமுற்றான் என அதன் வாசகம் புகழ்கின்றது. அவன் யார் என்பதை மட்டும் அது கூறவில்லை.

அவன் பெனடிக்ற் ஆர்னல்ட். 1775இல் ஏறத்தாழ 1100 வீரரை மெயின் பிரதேசக் காடுகளினூடே கியூபெக்கை நோக்கி நடத்திச் சென்றவன். பசியும் குளிரும் வாட்ட, 600 பேரளவிலேயே அந்நகரை அடைந்தனர். அவ்வாண்டின் இறுதி நாளில் நிகழ்ந்த தாக்குதலில் அவனது இடக்காலிற் குண்டு பாய்ந்தது. 1777 ஒக்ரோபர் 7இல், தளபதி கேற்ஸ் தன் அதிகாரத்தைப் பறித்திருந்த நிலையிலும், அவன் சரற்றோகாக் களத்தினுட் குதிரையேறிப் புகுந்தான். அதே கால் மீண்டும் புண்பட்டது. பத்து நாட்களின் பின்னர்ப் பேர்கோயினின் பிரித்தானியப் படை சரணடைந்தது. 1778இல் பிரான்சு அமெரிக்கரோடு கூட்டுச் சேர்வதற்கு வழிவகுத்தது அவ்வெற்றியே.

இத்தகையவன் துரோகியானமைக்கு நாட்டின் நன்றியின்மையே காரணம் எனக் கூறுவாருளர். அவனது குறைகள் பொய்யானவையல்ல. 1777 பெப்ரவரியில் அவனுக்கு இளையோர் ஐவர் அவனைத் தாண்டிப் பதவியுயர்வு பெற்றனர். பிலடெல்பியாவில் அவன் இராணுவ ஆளுநராயிருந்த காலத்துச் செயல்களுக்காக இராணுவ நீதிமன்றம் அவனை விசாரித்தது. அதன் விளைவாக வாசிங்ரனின் கண்டனம் 1780 ஏப்பிரலில் வெளிவந்தது. ஆயினும் பகைவருடன் அவன் இரகசியப் பேரந் தொடங்கியது 1779 மேயிலேயே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தானே விரும்பிக் கேட்டுப் பெற்ற வெஸ்ற் பொயின்ற் கோட்டைக்கு அவன் குறித்த விலை 20,000 பவுண். 1780 செப்ரெம்பரிற் பிரித்தானிய அதிகாரி அன்ட்ரே பிடிபட, சூழ்ச்சி வெளிப்பட்டது. அன்ட்ரே தூக்கிலிடப்பட்டான், ஆர்னல்ட் பகைவர் கப்பலேறித் தப்பினான்.

புறக்கணிப்பு மனிதனைத் துரோகியாக்கும் எனின், அவனிலும் கூடுதலாகப் புறக்கணிக்கப்பட்டோரை நோக்குதல் வேண்டும். 1781 சனவரியிற் பென்சில்வேனியாப் படைப்பிரிவினர், ஊதியமின்றியும் உடையின்றியும் வாடிக் கலகஞ் செய்தனர். தருணம் பார்த்துப் பிரித்தானியத் தளபதி கிளின்ரன் ஆசைவார்த்தைகளுடன் ஆளனுப்பினான். கலகக்காரரோ வந்த இருவரையும் பிடித்து ஒப்படைத்தனர், அவ்விருவரும் தூக்கிலிடப்பட்டனர். தம் நாட்டின்மீது சினங்கொள்ளுதல் வேறு, அதனை விற்றல் வேறு என்பதைப் பெயரறியா அவ்வீரர்கள் அறிந்திருந்தனர். ஆர்னல்ட்டோ அவ்வாண்டு செப்ரெம்பரில், தான் பிறந்த நோர்விச் நகருக்கு அண்மையிலுள்ள நியூ இலண்டன் துறைமுகத்தைத் தீக்கிரையாக்கிய பிரித்தானியப் படைக்குத் தலைமை தாங்கினான்.

மார்பிலும் முகத்திலும் ஏற்ற புண்ணைத் தமிழர் விழுப்புண் எனப் போற்றினர். அதற்கு விலை கூறுவார் இலர் என்பதே அதன் விழுப்பம். ஆர்னல்ட் தன் புண்ணை நாடு தனக்குத் தரவேண்டிய கடனுக்கான பத்திரமாகக் கொண்டான். கடன் தீராதபோது, தன்னை நம்பியிருந்த வீரரையே ஈடாக வைத்தான்.

எனினும் துரோகி என்ற சொல் ஒருவன்மீது விழுந்ததும், அவனது முற்செயல்களனைத்தும் பொய்யென அழித்துவிடுவது எவர்க்கும் எளிது. துரோகத்தை மன்னிப்பதற்கு அவ்வீரத்தைச் சான்றாகக் காட்டுவதும் அவ்வாறே எளிது. சரற்றோகாவிற் கல் நாட்டியோர் இவ்விரண்டையுந் தவிர்த்தனர். 1801இல் இலண்டனில் இறந்த அவனுக்கு அவர்கள் பெயரைக் கொடுக்கவில்லை. அவன் சிந்திய குருதியை மறுக்கவுமில்லை. வரலாறெழுத விழைவோர் அக்கல்லிடம் கற்கவேண்டியது அந்நேர்மையையே.