இரண்டு சாவிகள்

‘சாவி’ தமிழ்ச் சொல் இல்லை. லத்தீனில் ‘கிளாவிஸ்’. அது இத்தாலியில் ‘கியாவே’, ஸ்பெயினில் ‘யாவே’, பிரான்சில் ‘கிளே’, போர்த்துக்கல்லில் ‘சாவே’ என்றானது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு இங்கே கரையேறி, நம் ‘திறவுகோலை’ப் புத்தகத்துக்குள் தள்ளிவிட்டது. (ஈழத்தார் இன்றும் ‘திறப்பு’ என்கிறார்கள். கேட்க எனக்கு ஆசை.) போப்பைத் தேர்ந்தெடுக்கும் ‘கான்கிளேவ்’ கூட இதே சாவிதான், சாவி போட்டுப் பூட்டிய அறை.

படவேட்டில் ஏழாம் வகுப்புக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசைப் பையன் எழுந்தான்.

“தமிழ்தான் சார். எங்க நெல்லு சாவியாப் போச்சு.”

வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் சொன்னது சரி. மணி பிடிக்காமல் காய்ந்த பயிருக்கும் சாவி என்றுதான் பேர். ‘சா’ என்ற வேரில் பிறந்தது, கப்பலில் வந்ததல்ல. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டேன்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்களாம். விசாரிக்கப் போனபோது வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு ஆணியில் தொங்கியது. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை நான் உடனே அடிக்கவில்லை.

உங்கள் பக்கம் காய்ந்துபோன கதிரை என்னவென்று சொல்வீர்கள்? எழுதுங்கள்.