கழகம், கை, துருப்பு

தமிழில் ‘துருப்பு’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எல்லையில் குவிக்கப்படும் துருப்பு படையைக் குறிப்பது. சீட்டாட்டத்தில் எதிராளியின் ராஜாவை வெட்டிச் சாய்க்கும் துருப்பு வேறு. அகராதி அதை ‘த்ரூஃப்’ என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்ததாகக் காட்டுகிறது. தேர்தல் செய்தியில் ‘கடைசித் துருப்புச்சீட்டு’ என்று படிக்கிறவர் ஒரு படைவீரனை நினைத்துக்கொண்டாலும் பொருள் கெடுவதில்லை. அதனால் இந்தக் குழப்பத்தைத் திருத்த யாரும் மெனக்கெட்டதில்லை. சீட்டு வகைகளில் ஒன்றான கிளாவரும் டச்சுச் சொல்தான். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலும் பிறகு நாகப்பட்டினத்திலும் கோட்டையோடு உட்கார்ந்தது சோழமண்டலக் கரையின் துணிக்காக. துணியை ஏற்றிக்கொண்டு போனவர்கள் துருப்பை இறக்கிவிட்டுப் போனார்கள்.

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஆடப்படும் 304 என்ற ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10. ராஜாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. கூட்டினால் 76, நான்கு வகைக்கும் சேர்த்தால் 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு. ஜாக்கியையும் ஒன்பதையும் ராஜாவுக்கு மேலே தூக்கி வைக்கும் இந்த வரிசை, ஹாலந்தின் ‘கிளாவர்யாஸ்’ ஆட்டத்தில் துருப்புக்கு உள்ள வரிசையை ஒத்திருக்கிறது.

ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல்லுக்குத் தமிழ் இலக்கணம் ‘குழூஉக்குறி’ என்று பெயர் வைத்து, தகுதி வழக்கில் இடமும் கொடுத்தது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் நன்னூல் உரைகள் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள். காஞ்சிபுரத்துத் தறியிலும் இப்படிப்பட்ட சொற்கள் உண்டு. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோக்கும் ‘கோர்வை’ கடைக்காரர் வாயால் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. உடல் பாவோடு வேறு நிற முந்திப் பாவை இணைக்கும் ‘பெட்னி’ இன்னும் தறிக்குழியைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை.

சூதாடுகளத்தின் சொற்கள் இப்படிக் குழிக்குள் அடங்கிக் கிடப்பவை அல்ல. ஆட்டத்தை ஒதுக்கி வைக்கும் ஊர், அதன் சொல்லை மட்டும் வாசலில் நிறுத்தாமல் உள்ளே விட்டுவிடுகிறது. இதற்குத் தமிழில் உள்ள மிகப் பழைய சாட்சி ‘கழகம்’. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூது. அங்கே கழகம் என்றால் சூதாடும் இடம். கவறு, உருட்டும் காய். காஞ்சிபுரத்தவர் என்று மரபு சொல்லும் பரிமேலழகரும் அந்த இடத்தில் கழகத்துக்கு ஆடுகளம் என்றே பொருள் கொள்கிறார். புலவர் கூடும் அவை என்ற இன்னொரு பொருளும் சொல்லுக்கு இருந்தது. பிற்காலம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. 1944இல் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது. 1949இல் காஞ்சிபுரத்து அண்ணாவின் தலைமையில் இன்னொரு கழகம் பிறந்தது. இன்று பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிற எவருக்கும் கவறு உருளும் ஓசை கேட்பதில்லை.

அதே அதிகாரத்தில் ‘கை’யும் வருகிறது. ஆடுவதற்கு வேண்டிய கைத்தொழில், அதாவது காயை உருட்டும் திறமை, என்பது பரிமேலழகர் உரை. இன்று சீட்டாடுகிறவர் ‘நல்ல கை’ என்றால் அது திறமையைச் சொல்வதல்ல. தனக்கு விழுந்த சீட்டுகளைச் சொல்வது. திறமையிலிருந்து அதிர்ஷ்டத்துக்கு நகர்ந்துவிட்ட சொல் இது. சட்டம் தலையைப் பிய்த்துக்கொள்வதும் இதே இடத்தில்தான். ரம்மி பெரும்பாலும் திறமையாட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. இணையவழி ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்த தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில், அந்தப் பட்டியலை மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே விட்டுவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை போட்டது.

‘சீட்டு’ இன்னும் சுவையான சொல். நெசவாளர் தெருவில் ‘சீட்டு கட்டியாச்சா?’ என்று கேட்டால் அது மாதத் தவணையைப் பற்றிய கேள்வி. ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்தால் சீட்டுக்கட்டு, அதாவது 52 தாள். ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு, நகைச்சீட்டு என்று சேமிப்பின் மரியாதை முழுவதும் இந்தச் சொல்லுக்கு உண்டு. 1968இல் அண்ணாவின் அரசு தொடங்கிய லாட்டரியும் ‘பரிசுச்சீட்டு’தான், 2003இல் தடை வரும்வரை பெட்டிக்கடைகளில் அது சரம் சரமாகத் தொங்கியது. குலுக்கி எடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லி வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறை, 10ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டில் இருக்கிறது.

ரம்மியின் சொற்கள் ஆங்கிலத்தில் பிறந்தவை, ஆனால் பாயில் உட்கார்ந்து பேசிப்பேசித் தமிழாகிவிட்டவை. கலைத்துப் போடுவது, வெட்டுவது, இறக்குவது என வினைகள் எல்லாம் தமிழ். செட்டு, ஜோக்கர் போன்ற பெயர்கள் மட்டும் கடன். கை மோசமென்றால் முதல் சீட்டை எடுக்குமுன்பே விலகுவது ‘ஸ்கூட்’. 101 ஆட்டத்தில் அதற்கு 20 புள்ளி. ஆடிப் பார்த்துவிட்டு நடுவில் விலகினால் 40. எதுவும் சேராமல் மாட்டிக்கொண்டால் ‘ஃபுல்’, 80. மங்காத்தா என்ற சீட்டாட்டத்தின் ‘உள்ளே, வெளியே’ முழுத் தமிழ். 2011இல் வந்த அஜித் படம் அதைச் சீட்டைத் தொட்டே பார்க்காதவர்கள் வாயிலும் போட்டது.

போக்கருக்கு இந்தப் பாய் வாய்க்கவில்லை. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் கைபேசித் திரை வழியாகப் பரவியது. திரையில் பொத்தானைத் தொட்டால் போதும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அதனால் சொற்கள் வந்தபடியே நிற்கின்றன. பொதுவில் விரிக்கும் முதல் மூன்று சீட்டு ‘ஃப்ளாப்’, நான்காவது ‘டர்ன்’, ஐந்தாவது ‘ரிவர்’. கையிலுள்ள அத்தனை வில்லைகளையும் தள்ளிவிடுவது ‘ஆல் இன்’. தோற்ற எரிச்சலில் நிதானமிழந்து ஆடுவது ‘டில்ட்’. குலுக்கினால் நின்றுவிடும் பின்பால் எந்திரத்திலிருந்து போக்கருக்குப் போன சொல் அது. ஏமாளி ஆட்டக்காரன் ‘ஃபிஷ்’. இரண்டு ஆசும் இரண்டு எட்டும் சேர்ந்தால் ‘செத்தவன் கை’: 1876இல் அமெரிக்காவின் டெட்வுட் ஊரில் சுடப்பட்டபோது வைல்ட் பில் ஹிக்காக் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் சீட்டுகள் அவை.

போக்கர் மேசையிலிருந்து ஒரு சொல் மட்டும் சத்தமில்லாமல் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது. பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளில் வெள்ளைக்கும் சிவப்புக்கும் மேலே, அதிக மதிப்பு நீலத்துக்கு. அதை அமெரிக்கப் பங்குச் சந்தை எடுத்துக்கொண்டது. தமிழ் நாளிதழ்களின் வணிகப் பக்கம் ‘ஆபத்துக் குறைவு’ என்று முதலீட்டாளருக்குப் பரிந்துரைக்கும் ‘புளூசிப்’ பங்கு அந்த நீல வில்லைதான்.